மெதுவாகப் போகக் கூடுதல் கட்டணம்

ஜப்பானில் ரயில் ஏறுகிறவர்களை அப்போதெல்லாம் சுலபமாகப் பிரித்துவிடலாம். காசு கொடுத்து வேகத்தை வாங்குகிறவர்கள் ஒரு கூட்டம். காசு இல்லாததால் ஒரு பகலை முழுசாகக் கொடுத்து ஊர் போய்ச் சேருகிறவர்கள் இன்னொரு கூட்டம். 1995 ஆகஸ்டில் நான் இரண்டாவது கூட்டத்தில் இருந்தேன். டோக்கியோவிலிருந்து கியூஷு தீவிலுள்ள ஹகாதாவுக்குப் பாதை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நொசோமி புல்லட் ரயில் அதை அன்றைக்கே ஐந்து மணி நேரத்தில் கடந்துகொண்டிருந்தது. நான் போன விதத்தில் ஓர் இரவும் அதற்கடுத்த பகலும் பிடித்தன. உதவித்தொகையில் காலம் தள்ளுகிற ஆராய்ச்சி மாணவனிடம் யென்தான் பஞ்சம், மணி நேரத்துக்குப் பஞ்சமில்லை.

ஏற்பாடெல்லாம் எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த சீனியருடையது. ஹகாதா நிலையம் இருக்கிற ஃபுகுவோகாக்காரர். ஆகஸ்ட் நடுவில் ஓபோன் வரும். செத்துப்போன முன்னோர்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுப் போகிற நாட்கள் என்பதால் ஜப்பானே மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பும். “ஊருக்கு வருகிறாயா? ரயிலில் கூட்டிப்போகிறேன்” என்றார். என்ன ரயில் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் பையில் எப்போதும் டெலிபோன் டைரக்டரி தடிமனில் ஒரு மாதாந்திர ரயில் கால அட்டவணை இருக்கும். மதியச் சாப்பாட்டின்போது மற்றவர்கள் பேப்பர் படிக்கிற மாதிரி அதை அவர் படிப்பார். சில பக்கங்களில் சிரிப்பார்.

‘செய்ஷுன் 18’ என்றொரு டிக்கெட் உண்டு. பெயரில்தான் 18. வயது வரம்பு கிடையாது, தாத்தா பாட்டிகளும் வாங்கலாம். 1982இல், தேசிய ரயில்வே கடனில் மூழ்கிக்கொண்டிருந்த காலத்தில், பள்ளி விடுமுறை நாட்களுக்காகக் கொண்டுவந்தது. 1987இல் ரயில்வேயைக் கூறுபோட்டு ஜே.ஆர். என்ற பெயரில் தனியார்மயமாக்கியபோதும் அது தப்பிப் பிழைத்தது. நான் போனபோது விலை 11,300 யென். ஐந்து தாள்கள். ஒரு தாளுக்கு ஒரு நாள். அந்த நாள் முழுக்க நாட்டின் எந்த ஜே.ஆர். பாதையிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ஒரே நிபந்தனை, பாசஞ்சர் வண்டியிலும் ரேபிட் வண்டியிலும் மட்டும்தான் ஏறலாம். ஆக, ஒரு நாளைக்கு 2,260 யென். டோக்கியோவில் இரண்டு வேளை சுமாராகச் சாப்பிடுகிற காசு.

ஐந்து தாளையும் ஒரே ஆள் பயன்படுத்த வேண்டும் என்றில்லை. நாங்கள் இருவரும் போக இரண்டு, வர இரண்டு. மிச்சமிருந்த ஒரு தாளை ஷின்ஜுகு பக்கம் ஒரு பழைய டிக்கெட் கடையில் சீனியர் விற்றார். அப்படி ஒரு தொழிலே அங்கே நடந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு ஐந்தையும் ஒரே தாளில் அச்சடித்து அந்த வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

டோக்கியோவில் நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பி, மறுநாள் காலை நகோயா தாண்டி ஓகாகி என்ற ஊரில் கொண்டுவிடுகிற ராத்திரி வண்டி ஒன்று இருந்தது. படுக்கை கிடையாது, முன்பதிவும் கிடையாது. கணக்குப்படி அதுவும் சாதாரண வண்டிதான். டிக்கெட் நாள் நள்ளிரவில் பிறக்கும் என்பதால், பன்னிரண்டு மணி தாண்டி வண்டி முதலில் நிற்கிற யோகோஹாமா வரைக்கும் தனியாக ஒரு டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் முழுத்தாளை இருபது நிமிடத்துக்காக வீணாக்குகிறவனை சீனியர் மனிதனாகவே மதிப்பதில்லை.

ஓபோன் கூட்டத்துக்குப் பயந்து சாயங்காலமே போய் பிளாட்பாரத்தில் செய்தித்தாள் விரித்து வரிசையில் உட்கார்ந்தோம். வண்டி வந்ததும் நால்வர் எதிரெதிரே உட்காரும் பெட்டிப் பெட்டியான இருக்கைகளில் எங்களுக்கு இடம் கிடைத்தது. சாய்மானம் சுவரைப்போல நேராக நிற்கும். முழங்காலுக்கு எதிரே அந்நியர் முழங்கால். இடம் கிடைக்காதவர்கள் நடைபாதையில் அதே செய்தித்தாளை விரித்துப் படுத்தார்கள். இரவு முழுக்க விளக்கை அணைக்கவில்லை. பாசஞ்சர் வண்டி அல்லவா, நிற்கிற ஒவ்வொரு நிலையத்திலும் யாராவது ஏறலாம் இறங்கலாம் என்பது சட்டம். பியரும் காய்ந்த கணவாயும் மணக்க, குழல் விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில், ஒரு பெட்டி நிறைய மனிதர்கள் தலையைப் பக்கத்திலிருப்பவர் தோளில் சாய்த்துவிடாமல் தூங்கினார்கள். அது ஜப்பானியர்களுக்கு மட்டுமே கைவந்த வித்தை. நான் சாய்த்துவிட்டேன். தோளுக்குச் சொந்தக்காரர் நகோயா வரை அசையவில்லை.

ஓகாகி வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே வண்டி முழுதும் எழுந்து நின்றுவிட்டது. வந்த வண்டி நீளமானது, அடுத்து மைபாராவுக்குப் போகிற வண்டி குட்டையானது. கதவு திறந்ததும் ஓட்டம்தான். எந்தப் பெட்டியின் எந்தக் கதவு படிக்கட்டுக்கு நேராக நிற்கும் என்பதைச் சீனியர் முதல் நாளே கணக்குப் போட்டு வைத்திருந்தார். டோக்கியோவில் யார்மீதும் இடிக்காமல் நடக்கிற அதே ஜனங்கள் இங்கே முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொண்டு பாய்ந்தார்கள். எங்களை முந்தியவர்களில் ஒரு பாட்டியம்மாவும் உண்டு. 1600ஆம் ஆண்டில் ஜப்பானின் தலையெழுத்தை முடிவுசெய்த செகிகஹாரா போர்க்களம் அடுத்த சில நிமிடங்களில் ஜன்னலில் வந்தது. யாரும் பார்க்கவில்லை. அன்றைய போர் ஓகாகி படிக்கட்டிலேயே முடிந்துவிட்டிருந்தது.

அடுத்த மார்ச்சில் அந்த வண்டிக்கு முன்பதிவும் நல்ல பெட்டிகளும் கொடுத்து ‘மூன்லைட் நகாரா’ என்று பெயர் சூட்டினார்கள். பிறகு விடுமுறைக் காலத்தில் மட்டும் ஓடியது. 2020 வசந்தத்தோடு அதுவும் நின்றது. மறு ஜனவரியில் வந்த அறிவிப்பில், பயணிகளின் பழக்கம் மாறிவிட்டது, பெட்டிகளும் பழசாகிவிட்டன என்று இரண்டு காரணங்கள் சொன்னார்கள். இரண்டும் எனக்கும் பொருந்தும்.

மைபாராவிலிருந்து ஒசாகா, கோபே வழியாக ஹிமேஜி வரை புது ரேபிட் வண்டி. துணி போட்ட, போகிற திசைக்குத் திருப்பிக்கொள்ளும் இருக்கை. கூடுதல் கட்டணம் ஒரு யென் கிடையாது. ஒசாகாவை அடுத்து அமகசாகி என்றொரு சந்திப்பு. அன்றைக்கு எங்கள் வண்டி அங்கே நிற்கவில்லை, நேரம் தவறாமல் அது தாண்டிப்போனதை மட்டும் வியந்தேன். பத்தாண்டு கழித்து, 2005 ஏப்ரல் 25 அன்று, அந்தச் சந்திப்பை நோக்கி ஒன்றரை நிமிடம்போலத் தாமதமாக வந்துகொண்டிருந்த ஒரு வண்டி வளைவில் வேகம் குறையாமல் தடம்புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. 106 பயணிகளும் ஓட்டுநரும் இறந்தார்கள். தாமதமாக வண்டி கொண்டுவரும் ஓட்டுநர்களுக்கு அந்த நிறுவனத்தில் என்ன மாதிரித் தண்டனைகள் இருந்தன என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. அதற்கப்புறம் கால அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஜப்பானில் ரயிலைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்று நம் ஊரில் யாராவது சொன்னால் நான் முன்போலத் தலையாட்டுவதில்லை.

கோபேயில் கூரைகள் நீலமாக இருந்தன. ஜனவரி 17 பூகம்பத்தில் ஓடு சரிந்த வீடுகளின்மேல் நீலத் தார்ப்பாய். அதற்கிடையில் வீடு இருந்த இடத்தில் வெறும் மனைகள். ரயில் பாதையை மட்டும் ஏப்ரல் முதல் தேதிக்குள் சரிசெய்துவிட்டிருந்தார்கள். பெட்டியில் யாரும் பேசவில்லை. கொஞ்ச தூரத்தில் அகாஷி ஜலசந்தியின் இரண்டு பெரிய கோபுரங்கள், நடுவே கம்பிகள். உலகத்திலேயே மிக நீளமான தொங்குபாலமாக அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பூகம்பம் கோபுரங்களை ஒன்றையொன்று விட்டு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்த்திவிட்டது என்றார் சீனியர். பாலத்தை இடிக்கவில்லை, அளவைத் திருத்திக்கொண்டு மேலே கட்டினார்கள். 1998இல் திறந்தபோது நடு இடைவெளி 1,991 மீட்டர்.

ஹிமேஜி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிற கடை. மஞ்சள் நிறச் சீன நூடுல்ஸ், அதற்கு ஜப்பானிய ரசம். போருக்குப் பின் மாவுப் பஞ்சத்தில் 1949இல் பிறந்த சேர்க்கை, இன்றும் ஓடுகிறது. சைவமா என்று விசாரிப்பதை நான் முந்தின இரவு யோகோஹாமாவோடு நிறுத்தியிருந்தேன். சுடச்சுட உறிஞ்சி, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வண்டிக்கு ஓடினோம்.

ஒகாயாமாவுக்கு மேற்கே பயணம் வேறு மாதிரி ஆகிவிட்டது. வண்டிகள் பழசு, நிலையங்கள் சின்னது, அவசரம் யாருக்கும் இல்லை. ஹச்சிஹொன்மட்சு என்ற நிலையம் தாண்டி நாங்கள் சரிவில் இறங்கிக்கொண்டிருக்க, எதிர்ப் பாதையில் ஒரு சரக்கு ரயில் ஏறி வந்தது. முன்னால் ஓர் எஞ்சின், கடைசிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு இன்னொன்று. அந்த மேடு அவ்வளவு செங்குத்து. இன்றைக்கும் பின்னால் எஞ்சின் போட்டுத்தான் தள்ளுகிறார்கள். சீனியர் அதற்கு எழுந்து நின்று மரியாதை செய்தார், நிஜமாகவே.

ஹிரோஷிமாவைப் பற்றி ஒரு பயணக் கதையின் நடுவே எழுதக் கூடாது. ஆனால் அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் பார்த்த ஒன்றைச் சொல்லலாம். கல்லறைகளில் வண்ண வண்ணமாகக் காகித விளக்குகள், மூங்கில் குச்சியில் செருகி, கூம்பு கூம்பாக நின்றன. சிவப்பு, மஞ்சள், பச்சை, ஓரத்தில் தங்க நிறக் குஞ்சம். சில கல்லறைகளில் மட்டும் எல்லாம் வெள்ளை. அந்த வருடம் இறந்தவர்களுக்கு முதல் ஓபோன் என்றால் வெள்ளை என்றார் எதிரே இருந்த அம்மாள். ஜப்பானில் வேறெங்கும் இப்படிக் கிடையாதாம், இந்தப் பக்கத்து வழக்கமாம். அவர் மடியிலும் அப்படியொரு விளக்கு இருந்தது, மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் உறை போட்டு. இவாகுனி தாண்டியதும் கடல் ரயிலுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. தீவுகளும் படகுகளுமாக வெகுநேரம் கூட ஓடிவந்தது. சீனியர் அட்டவணையை மூடி வைத்த ஒரே இடம் அதுதான்.

ஷிமோனோசெகியில் கடைசி மாற்றம். அங்கிருந்து கியூஷுவுக்குக் கடலடிச் சுரங்கம், 1942இல் திறந்தது. இந்தப் பக்கம் ஒரு வகை மின்சாரம், அந்தப் பக்கம் வேறு வகை. சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து மோஜி நிலையத்தை நெருங்கும்போது ரயில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். சீனியர் விரலை உயர்த்தினார். “இப்போது.” விளக்கு மொத்தமும் அணைந்தது. குளிர்சாதனமும் மூச்சை நிறுத்தியது. சில விநாடி இருட்டில் வண்டி சும்மா உருண்டது. பிறகு எல்லாம் திரும்ப வந்தது. ஊர்க்காரர்கள் யாரும் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

வீட்டில் அவருடைய அம்மா எங்களைப் பார்த்ததும் சொன்னது: “நொசோமியில் வந்திருந்தால் மத்தியானமே சாப்பிட்டிருக்கலாமே!”

அந்தச் சீனியர் பேராசிரியராகி, சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கே மாறிப்போய், சென்ற மார்ச்சில் ஓய்வு பெற்றார். ஓய்வுக்கு முன் கடைசி வகுப்பு எடுப்பதும் அதற்குப் பழைய மாணவர்கள் கூடுவதும் அங்கே மரபு. நானும் போனேன். என் அக்கா மகன் டோக்கியோவில் நிஷி-கசாயில் குடியிருக்கிறான். கணினி வேலை. “தனியா எப்படி மாமா போவீங்க” என்று கூடவே வந்தான். முப்பது வருடத்துக்கு முன் இந்த நாட்டை ஒரு பாட்டியோடு ஓட்டப்பந்தயம் ஓடிக் கடந்தவன் நான். இருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட் அவன் போட்டிருந்தான்.

நொசோமி. அப்போது நெரிசல் நேரத்தில் மணிக்குப் பன்னிரண்டு வரை விட்டுக்கொண்டிருந்தார்கள், நம் ஊர் டவுன் பஸ்கூட அப்படி வருவதில்லை. அவன் 7ஆம் பெட்டியில் போட்டிருந்தான். லேப்டாப்பில் தட்டலாம், போனில் மீட்டிங் பேசலாம் என்று வேலைக்காரர்களுக்கென்றே ஒதுக்கிய பெட்டி. “ஃபுஜி வந்தா சொல்லுங்க மாமா” என்று காதில் எதையோ மாட்டிக்கொண்டான். வந்தது, சொன்னேன். நிமிர்ந்து ஒரு படம் எடுத்துவிட்டு மறுபடி குனிந்தான்.

எனக்கு அந்த வண்டியில் ஒரே ஓர் ஆசை இருந்தது. தள்ளுவண்டியில் வருகிற வெனிலா ஐஸ்கிரீம். கல்மாதிரி இறுகியிருக்கும், பிளாஸ்டிக் கரண்டி வளைந்துவிடும். சாப்பிடுவதற்கு ஹமாமட்சுவரை காத்திருக்க வேண்டும். மாணவனாக இருந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த சொகுசு அது. “அது நிறுத்தி ரொம்ப நாளாச்சே” என்றான் மருமகன். 2023 அக்டோபர் 31தான் கடைசி. ஆள் கிடைக்கவில்லை, பயணிகளும் ஏறுமுன்பே வாங்கிவந்துவிடுகிறார்கள் என்று தள்ளுவண்டியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் பிளாட்பாரத்தில் அதே ஐஸ்கிரீமுக்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். உருகாமல் சாப்பிட அலுமினியக் கரண்டிகூட விற்றார்களாம். பிளாட்பாரம் பின்னால் போய்விட்டது. ரயில் மணிக்கு 285 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒகாயாமா தாண்டியதும் ஜன்னல் கறுப்பாகிவிட்டது. அங்கிருந்து ஹகாதா வரை பாதைக்குப் பாதி சுரங்கம். கடல் இருக்க வேண்டிய இடத்தில் என் முகம் தெரிந்தது. நடுநடுவே ஒரு விநாடி வெளிச்சம், ஒரு வயல், ஒரு தொழிற்சாலை, மறுபடி முகம். ஷிமோனோசெகி சுரங்கத்தில் விளக்கு அணையவில்லை. புல்லட் ரயிலுக்குக் கடலடியில் தனிச் சுரங்கம், வழிநெடுக ஒரே மின்சாரம். ஐந்து மணி நேரத்துக்குள் ஹகாதா. மருமகனுக்கு மூன்று மீட்டிங் முடிந்திருந்தது.

கடைசி வகுப்பு நன்றாக இருந்தது. விருந்தில் சீனியர் ஒரு ரகசியம் சொன்னார். பல பருவமாக அவரும் மனைவியும் ஒரு குலுக்கலுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் விழவில்லை. கியூஷுவை நிதானமாகச் சுற்றுகிற ‘நனாட்சுபோஷி’ என்ற சொகுசு ரயிலுக்கு. 2013 அக்டோபரில் தொடங்கியது. ஓர் ஆளுக்குப் பல லட்சம் யென், கேட்டதும் கிடைக்காது, குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள். அது பலித்த பிறகு 2017இல் வேறு இரண்டு நிறுவனங்களும் ஆளுக்கொன்று இறக்கின. மேற்கே ஓடுகிற ‘மிசுகாஸே’ நாங்கள் அன்றைக்குத் தார்ப்பாய்களையும் காகித விளக்குகளையும் பார்த்துக்கொண்டு போன அதே தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. அதே கடல். மெதுவாகப் போகிறது என்பதுதான் விளம்பரமே. அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கென்று 2020 முதல் ‘வெஸ்ட் எக்ஸ்பிரஸ் கிங்கா’ என்று ஒன்று விட்டிருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒசாகாவிலிருந்து ஷிமோனோசெகிக்கு ஒரு பகலை முழுசாக எடுத்துக்கொண்டு ஓடிய நாட்களும் அதற்கு உண்டு.

“பகல் முழுசும் போவதற்கா?” என்றேன்.

“எக்ஸ்பிரஸ்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

செய்ஷுன் 18 இன்னும் இருக்கிறது. ஆனால் 2024 குளிர்காலத்தோடு விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது தொடர்ந்து மூன்று நாள் அல்லது தொடர்ந்து ஐந்து நாள், 10,000 அல்லது 12,050 யென். நாள் விட்டு நாள் முடியாது, இன்னொருவரோடு பங்கு போட முடியாது. தேதி முத்திரை குத்த நிலைய ஊழியரைத் தேட வேண்டியதில்லை, தானியங்கிக் கதவில் செருகிவிட்டுப் போகலாம். இந்த வசதியைக் கேட்டவர் யாரென்று சீனியர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஏழை மாணவனுக்கு மெதுவைச் சில்லறையில் விற்ற கடையை இழுத்துச் சாத்தியாயிற்று, இனி மொத்த வியாபாரம் மட்டும்தான் என்பது அவர் கட்சி.

எனக்கு விமானம் நாலாம் நாள் அதிகாலை, நரிதாவில். இடையில் ஒரு வேலையும் இல்லை. நாவலாசிரியர் நத்சுமே சோசெகியின் சீடரான உச்சிதா ஹியாக்கென் என்ற எழுத்தாளர் 1950இல் எந்தக் காரியமும் இல்லாமல் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு ரயிலில் போய்வந்து, அதை எழுதினார், அது புகழ்பெற்றது. கடன் வாங்கிக்கொண்டு போனார். அவருடைய நியாயம் விசித்திரமானது. போகும்போது காரியம் ஒன்றுமில்லை, ஆகவே முதல் வகுப்பு. வரும்போது வீடு திரும்புகிற காரியம் இருக்கிறது, ஆகவே மூன்றாம் வகுப்பு போதும். சீனியர் இதை விருந்தில் எல்லாருக்கும் விளக்கி, என் திரும்பும் பயணத்துக்கு ஒரு தாளில் நேரங்களை எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் செய்ஷுன் 18இல் முதல் நாள் ஒசாகா, இரண்டாம் நாள் டோக்கியோ, மூன்றாம் நாள் நரிதா விமான நிலையம்வரைக்கும்கூட அதே டிக்கெட் செல்லும். அடியில் ஒரு குறிப்பு: “ஷிசுவோகா மாவட்டத்தில் பெரும்பாலும் நீள பெஞ்சுதான். இடுப்பைப் பார்த்துக்கொள்.”

“மாமா, இருபத்தஞ்சாயிரத்துக்குள்ள நொசோமியிலயே அஞ்சு மணி நேரத்துல போயிடலாம். வீட்டுல வந்து ரெஸ்ட் எடுங்க” என்றான் மருமகன். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவேன் என்றும் பயமுறுத்தினான். அக்கா என்ன சொல்வாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

என் சூட்கேஸ் பெரியது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் போகிற சாமானுக்குப் புல்லட் ரயிலில் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும் என்பது 2020இல் வந்த விதி. பொறுப்பான பையன், வரும்போதே திரும்புவதற்கும் சேர்த்து அதைச் செய்துவைத்திருந்தான். காலையில் ஹகாதாவில் அவனையும் சூட்கேஸையும் நொசோமியில் ஏற்றிவிட்டேன். வீடு திரும்புகிற காரியம் அவை இரண்டுக்கும் இருந்தது.